‘அந்த அக்கா மறுபடி எப்ப வருவாங்க?’

போடிநாயக்கனூரில் பொழுது புலர்வதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. தூக்குச்சட்டியும் தலையில் துண்டுமாகத் தாய்மார்கள் நெருக்கியடித்து அமர, முந்தல் தாண்டி, போடிமெட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பகுதி ஏலத்தோட்டங்களுக்கு அவை செல்கின்றன. காய் எடுத்துவிட்டு அவர்கள் வீடு திரும்பும்போது மாலை மயங்கிவிடும். இடைப்பட்ட நேரத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்வது யார்? தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது யார்? பல வீடுகளில் அது மூத்த பெண்பிள்ளைதான். அவளே பத்தாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ படித்துக்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்ட ஒரு பிள்ளையை நாம் அறிவோம். அவள் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே இங்கே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கம்பெனியின் பண உதவியோடு ஒரு தொண்டு நிறுவனம் மலையடிவாரப் பள்ளி ஒன்றில் மாணவர்க்கு மனநல முகாம் நடத்தியது. நாமும் முன்னின்று உதவினோம். பெரிய பேனர் கட்டினார்கள். பிள்ளைகளுக்கு நோட்டும் பேனாவும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஆலோசகராக வந்த இளம்பெண் அன்பாகப் பேசினார். “மனசுல பாரம் இருக்கிறவங்க ஒரு தாள்ல எழுதிக் குடுங்க” என்றார். அந்தப் பிள்ளை ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். தூக்கம் இல்லாதது, காரணமில்லாமல் அழுகை வருவது, குடித்துவிட்டு வரும் அப்பாவுக்குப் பயப்படுவது, படித்தது மனதில் நிற்காதது என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். ஆலோசகர் அவளை வேப்பமரத்தடிக்கு அழைத்துச் சென்று அரைமணி நேரம் பேசினார். “நான் மறுபடி வருவேன்” என்று சொல்லித் தன் எண்ணையும் கொடுத்தார்.

மார்ச் மாதத்தோடு அந்தத் திட்டம் முடிந்துபோனது. அந்த எண்ணை எடுக்க ஆளில்லை. சில மாதங்கள் கழித்து அந்தப் பிள்ளை நம் அலுவலக வாசலில் வந்து நின்று கேட்டாள்: “சாமி, அந்த அக்கா மறுபடி எப்ப வருவாங்க?”

நம்மிடம் பதில் இல்லை. வாழ்வில் முதன்முறையாக ஒருவரிடம் மனம் திறந்த பிள்ளை அவள். முகாமின் புகைப்படத்தில் நாம் முன்வரிசையில், கழுத்தில் சால்வையோடு அமர்ந்திருந்தோம். எனவே பிறரைக் குறைகூறும் தகுதி நமக்கு இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்வியை மறக்கவும் முடியவில்லை. கம்பெனியும் தொண்டு நிறுவனமும் கைகோத்து இளையோரின் மனநலத்துக்கு உதவுவது இன்று பெருகிவரும் ஒரு நல்ல முயற்சி. அது எப்படி நடக்கிறது, எப்போது பயன் தருகிறது, நம் ஊருக்கு வரும்போது நாம் என்ன கேட்க வேண்டும் என்பதை அந்தக் கேள்வியின் வெளிச்சத்தில் சற்றே சிந்திப்போம்.

தேவை எவ்வளவு?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மனவளர்ச்சிக் குறைபாடு வேறு, மனநோய் வேறு. முன்னது பிறவியிலோ சிறு வயதிலோ தொடங்கி, கற்கும் திறனைப் பாதிப்பது. பின்னது நன்றாகப் படித்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கும் வரக்கூடியது. மனச்சோர்வு, பதற்றம், மனச்சிதைவு போன்றவை அதில் அடங்கும். இவற்றில் ஏறக்குறைய பாதி, 18 வயதுக்கு முன்பே தலைகாட்டத் தொடங்குகின்றன என்று உலக அளவிலான ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது, நம் பள்ளிப் பிள்ளைகளின் வயதிலேயே.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 100க்கு 7 பேருக்குச் சற்று மேல் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்ததாக அது கண்டது. மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை, நோயின் வகைக்கேற்ப, சிகிச்சையே பெறாதிருந்தனர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அதே ஆண்டில் இப்படி இறந்தோரில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். இந்த இரண்டு எண்களும் நம் ஊரில் ஒரே வீட்டில் வந்து சந்திக்கின்றன என்பதை நாம் கவனிக்க வேண்டும். பிள்ளை மாணவர், பெற்றோர் தினக்கூலி.

ஏலக்காய் விலையையும் மறந்துவிடக் கூடாது. 2019 ஆகஸ்டில் ஏலச் சந்தையில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் சராசரி விலை 1,000 ரூபாய் அளவுக்கு இறங்கியது. விலை ஏறும்போது தோட்டத்தில் வேலை நிறைய இருக்கும். இறங்கும்போதும், மழை பொய்க்கும்போதும் வேலை நாட்கள் குறையும், வட்டிக் கடன் கூடும். வீட்டில் சண்டை நடக்கும். அதை மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது யார் என்பது நமக்குத் தெரியும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

‘கம்பெனிக்காரர்கள் ஏன் நமக்குப் பணம் தருகிறார்கள்?’ என்று பலர் கேட்பதுண்டு. பலருடைய நல்ல மனது ஒருபுறம் இருக்க, சட்டமும் ஒரு காரணம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது ஆண்டு நிகர இலாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூக நலப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிகள் என்பதைச் சட்டத்தின் 7ஆம் அட்டவணை சொல்கிறது. நோய்த்தடுப்பு உள்ளிட்ட உடல்நலப் பணியும் கல்வியும் அதில் உண்டு. மனநலப் பணி அவற்றின்கீழ் வருகிறது. கம்பெனி தானே செய்யலாம். அல்லது அரசிடம் முறையாகப் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் வழியாகச் செய்யலாம். பெரும்பாலும் இரண்டாவதே நடக்கிறது. கம்பெனியிடம் பணம் இருக்கிறது, ஊரறிந்த ஆட்கள் இல்லை. தொண்டு நிறுவனத்திடம் ஆட்கள் இருக்கிறார்கள், பணம் இல்லை.

இச்சட்டத்தில் நமக்குப் பயன்படும் மூன்று செய்திகள் உள்ளன.

ஒன்று: ஒருநாள் நிகழ்ச்சிகளை இக்கணக்கில் காட்ட முடியாது. மாரத்தான் ஓட்டம், பரிசளிப்பு, விளம்பரம் போன்றவை சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கப்படமாட்டா என்று மத்திய அரசு 2014 ஜூனிலேயே விளக்கம் அளித்துள்ளது. திட்டமாக, தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் எண்ணம்.

இரண்டு: தன் சொந்தத் தொழிலாளர்க்கு மட்டும் செய்வதை இதில் சேர்க்க முடியாது. இதன் உட்பொருள் ஆழமானது. வேலையாளுக்கு நியாயமான கூலி, பாதுகாப்பான வண்டி, ஓய்வு, மருத்துவம் ஆகியவற்றைத் தருவது தர்மம் ஆகாது, அது கடன்.

மூன்று: ஒரு தொடர் திட்டத்துக்குச் சட்டம் தரும் கால அளவு, தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். கம்பெனி விரும்பினால் மீண்டும் புதிதாகத் தொடங்கலாம். ஆனால் நடைமுறையில் பலர் வேறு ஊருக்கோ வேறு பணிக்கோ போய்விடுகின்றனர். இங்கேதான் சிக்கல். கட்டிடம் மூன்று ஆண்டில் முடிந்துவிடும். மனம் அப்படி இல்லை. பத்தாம் வகுப்பில் தொடங்கிய ஒரு பிள்ளையின் துயரம் அவள் கல்லூரி முடித்து, வேலைக்குப் போகும்வரை கூட நீளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இச்சட்டம் கம்பெனிகளுக்கு மட்டுமே. தனியொருவர் நடத்தும் தோட்டத்தையும், கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் ஏலக்காய்க் கடையையும் அது கட்டுப்படுத்தாது. ஆகவே நம் மலைச்சரிவில் விளையும் செல்வத்தின் பெரும்பகுதி இக்கணக்குக்குள் வருவதே இல்லை. நம் பிள்ளைகளுக்கான உதவி பெரும்பாலும் வெளியூரிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

மலைமேல் ஒரு சான்று

வெளியூரிலிருந்து வரும் உதவி நிலைக்காது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு சென்றால், நிலைத்து நின்ற ஒரு பணியைக் கண்ணால் காணலாம். அதன் பெயர் ‘சிருஷ்டி’.

மூணாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பலர் தமிழர்கள், நம் பக்கத்திலிருந்து மலையேறியவர்களின் வழிவந்தோர். லயங்களில் வாழும் அக்குடும்பங்களில் மனவளர்ச்சிக் குறைபாடும் உடல் ஊனமும் உள்ள பிள்ளைகள், பெற்றோர் கொழுந்து பறிக்கச் சென்ற நேரத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தனர். 1991ஆம் ஆண்டில் அப்பிள்ளைகளுக்கென ஒரு சிறப்புப் பள்ளி தொடங்கப்பட்டது. அப்போது தோட்டங்களை நடத்திய டாடா டீ கம்பெனி ஆதரவளித்தது. ரத்னா கிருஷ்ணகுமார் முன்னின்று வளர்த்தார். பள்ளி முடித்தபின் இந்த இளையோர் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாகவே தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ‘அதுல்யா’வில் கையால் காகிதம் செய்கிறார்கள். ‘ஆரண்யா’வில் இலை, பூ, பட்டைகளிலிருந்து சாயம் எடுத்துத் துணிக்கு இயற்கை வண்ணம் ஏற்றுகிறார்கள். ரொட்டி சுடும் கூடமும், ஸ்ட்ராபெரி ஜாம் செய்யும் கூடமும் உண்டு. உழைத்து, கூலி வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது 2005ஆம் ஆண்டு. அந்த ஆண்டில் டாடா டீ, மூணாறு தோட்டங்களை நடத்தும் பொறுப்பிலிருந்து விலகியது. தொழிலாளர்களே பெரும்பங்கு வைத்திருக்கும் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் கம்பெனியின் கைக்குத் தோட்டங்கள் மாறின. ‘தோட்டமே நம்முடையது இல்லை, இனி பள்ளி எதற்கு?’ என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். சட்டப்படி கேட்பதற்கு அன்று யாரும் இல்லை. 135ஆம் பிரிவு வருவதற்கு அப்போது இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. ஆனாலும் ஆதரவு தொடர்ந்தது, பணி தொடர்ந்தது. சிருஷ்டி மனநோய்க்கான நிலையம் அன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் கம்பெனியும் அறப்பணியும் சேர்ந்து இம்மலையின் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் துணைநிற்க முடியும் என்பதற்கு அது சான்று. அங்கே கிடைத்தது ஒருநாள் முகாம் அன்று. காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடமும், அங்கே பெயர் சொல்லி அழைக்க ஓர் ஆளும் கிடைத்தது.

பேருந்தில் வந்த மருத்துவர்

மனநோய்க்கென்றே நடந்த பணிகளும் தமிழகத்தில் உண்டு. சென்னையில் 1984இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, 2010இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. டாடா அறக்கட்டளை ஒன்று அதற்கு உதவியது. பேருந்துக்குள் திரையும் கேமராவும் இருந்தன. நோயாளி உள்ளே அமர்ந்து, சென்னையில் இருக்கும் மனநல மருத்துவரோடு முகம் பார்த்துப் பேசலாம். மருத்துவர் எழுதித் தரும் மருந்தை அதே பேருந்தில் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். ஊருக்குள் இருந்து பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, மருந்து சாப்பிட்டார்களா என்று விசாரித்தார்கள். நம்மிடையே தொலைபேசி வழி மருத்துவம் பரவலாகப் பேசப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. இயந்திரம் சென்னையிலிருந்து வந்தது. ஆனால் கதவைத் தட்டி விசாரித்த கை அந்த ஊர்க்கை என்பதுதான் இதில் பாடம்.

நடிகை தீபிகா படுகோன் தமக்கு வந்த மனச்சோர்வை வெளிப்படையாகப் பேசி, 2015இல் ‘லிவ் லவ் லாஃப்’ அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் கிராமப்புறப் பணி 2016இல் கர்நாடகத்தின் தாவணகெரே மாவட்டத்தில் ஆரம்பித்தது. தமிழகத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில், ‘வசந்தம்’ என்னும் மாற்றுத்திறனாளிகள் கூட்டமைப்போடு சேர்ந்து அப்பணி நடக்க, 2022 அக்டோபரில் அவரே அங்கு வந்து குடும்பங்களைச் சந்தித்தார். அங்கும் முறை இதுதான். ஊர்க்காரர்களே நோயுற்றோரைக் கண்டறிகிறார்கள், அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார்கள், மருந்து தொடர்ந்து கிடைக்கச் செய்கிறார்கள். பராமரிக்கும் தாய்மார்களுக்குக் குழு அமைக்கிறார்கள்.

‘படித்த மருத்துவர் இல்லாமல் ஊர்க்காரரால் என்ன செய்ய முடியும்?’ என்று ஐயுறுவோர்க்கு இரண்டு சான்றுகள். கோவாவில் ‘சங்காத்’ அமைப்பு, பயிற்சி பெற்ற சாதாரண மக்களைக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசனை வழங்கியது. அரசு நிலையங்களில் நோயுற்றோர் குணமடைய அது உதவியதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டில், மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரபெஞ்சில் அமர்த்தினார். துயருற்றோர் வந்து அருகில் அமர்ந்து பேசினார்கள். அவர்களுடைய மனச்சோர்வு குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. பாட்டிமார்களுக்கும் மரநிழலுக்கும் நம் ஊரில் பஞ்சமா?

இரண்டு சாவிகள்

நம் மலைச்சரிவுக்கு மிகவும் தேவையான இன்னொரு செய்தி உண்டு. ஏலச்செடி பூச்சிமருந்து அதிகம் வாங்கும் பயிர். மருந்தடிப்போரின் வீட்டில் மிச்ச மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருப்பது வழக்கம். மனம் உடையும் வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நிமிடங்களில் ஆபத்து கைக்கு எட்டாமல் இருந்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைப் பலர் அறிவோம். அவரும் உடன் பணியாற்றியோரும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஒரு முயற்சி செய்தனர். கிராமத்தில் பொதுவான ஓர் இடம். அதில் வங்கி லாக்கர் போலப் பெட்டிகள். ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு சாவிகள். ஒன்று விவசாயியிடம், மற்றொன்று பொறுப்பாளரிடம். இருவரும் வந்தால்தான் மருந்தை எடுக்க முடியும். அக்கிராமங்களில் உயிரிழப்புகள் குறைந்ததை 2013இல் வெளியான அவர்களது ஆய்வு எடுத்துரைத்தது. இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஓர் அறை, சில பெட்டிகள், ஒரு பொறுப்பாளர் போதும். நம் பகுதித் தோட்ட முதலாளிகளும், மருந்து விற்கும் கடைக்காரர்களும் மனம் வைத்தால் எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல் செய்துவிடலாம். அதுவரை, வீட்டில் மருந்து இருந்தால் பூட்டி வைத்துச் சாவியைப் பெரியவர்கள் வைத்துக்கொள்வது நல்லது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே, நாளை ஒரு கம்பெனியும் தொண்டு நிறுவனமும் மனநலத் திட்டத்தோடு நம் பள்ளிக்கோ ஊருக்கோ வந்தால், நன்றியோடு வரவேற்போம். வரவேற்கும்போதே ஐந்து கேள்விகளையும் கேட்போம்.

முதலாவது, யார் தங்குவார்? திட்டம் முடிந்த மறுநாளும் இதே ஊரில் இருக்கப்போகிறவர்களில் யாருக்குப் பயிற்சி தருகிறீர்கள்? ஆசிரியரா, அங்கன்வாடிப் பணியாளரா, கிராம சுகாதாரச் செவிலியரா, மகளிர் குழுத் தலைவியா? முடியும்போது பிள்ளைகளை யாரிடம் ஒப்படைத்துச் செல்வீர்கள்?

இரண்டாவது, மருந்துக்கு வழி எங்கே? பேச்சு மட்டும் போதாத பிள்ளைகள் இருப்பார்கள். தேனி மாவட்டத்தில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. 1996இல் நாட்டில் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டமும் இன்று தமிழகமெங்கும் இருக்கிறது. அவற்றோடு உங்கள் திட்டம் இணைந்ததா? போடியிலிருந்து தேனி சென்று பஸ் மாறிப் போக வேண்டும். தாய்க்கு ஒருநாள் கூலி போகும். உடன் போவது யார்? மனநல சிகிச்சையை அரசிடமிருந்து பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. வழக்கு வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைக்கும் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

மூன்றாவது, படம் எதற்கு? சிகிச்சை பெறுபவரின் படத்தையும் விவரத்தையும் அவரது இசைவின்றி ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்பது அதே சட்டத்தின் விதி. நம் ஊர் சிறியது. இன்று பேனருக்கு முன் நின்ற பெண்பிள்ளைக்கு நாளை வரன் பார்க்கும்போது அந்தப் படம் எதிரே வந்து நிற்கும். கம்பெனியின் அறிக்கைக்குக் கட்டிடத்தின் படம் போதும், பெஞ்சின் படம் போதும்.

நான்காவது, எதை எண்ணுவீர்கள்? முகாமுக்கு 500 பேர் வந்தார்கள் என்று எண்ணுவது எளிது. ஓராண்டு கழித்து எத்தனை பேர் இன்னும் பேச வருகிறார்கள், மருந்தை நிறுத்தாமல் சாப்பிடுகிறார்கள், படிப்பை விடாமல் தொடர்கிறார்கள் என்று எண்ணுவது கடினம். கடினமான கணக்கையே கேட்போம். 500 பேருக்கு நோட்டுக் கொடுப்பதைவிட 15 பேரோடு கூடவே நடப்பது மேல் என்று கம்பெனிகளுக்குத் துணிந்து சொல்வோம்.

ஐந்தாவது, கொடுக்கும் கை தன் வீட்டில் எப்படி? பிள்ளையின் மனதுக்கு ஆலோசகரை அனுப்பிவிட்டு, அந்தப் பிள்ளையின் தாயை அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்பில் அனுப்பினால் என்ன பயன்? தாய் பத்திரமாக வீடு திரும்புவாளா என்ற பயமும் பிள்ளையின் நோய்க்கு ஒரு காரணம்தானே? இக்கேள்வி வெளியூர்க் கம்பெனிக்கு மட்டுமன்று, உள்ளூர்த் தோட்டக்காரருக்கும் ஜீப் உரிமையாளருக்கும் உரியது.

செபமும் மருந்தும்

பிள்ளை அழுதுகொண்டே இருந்தாலோ, தனியே பேசினாலோ, நம் மக்கள் முதலில் தேடி ஓடுவது கோடாங்கியையோ செபக்கூட்டத்தையோதான். நம்மிடமும் வருகிறார்கள். அவர்களுக்காகச் செபிக்கிறோம், தொடர்ந்து செபிப்போம். ஆனால் செபித்துவிட்டு, மாத்திரையை நிறுத்தச் சொல்வது பெரும் தவறு. மருத்துவரை மதிக்கக் கற்பிக்கும் சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தை நாம் வாசிக்காதவர்கள் அல்லர். அதுபோலவே, உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளையின் குடும்பத்தை ஒதுக்கி வைக்கும் பழைய பழக்கமும் போக வேண்டும். அக்குடும்பத்துக்கு அப்போதுதான் நம் வருகை அதிகம் தேவை. அந்த வீட்டில் மீதமிருக்கும் பிள்ளைகளுக்கும் தேவை.

பணம் இல்லாமலே செய்யக்கூடியவையும் உண்டு. 14416 என்ற எண்ணை எல்லா வகுப்பறைச் சுவரிலும் எழுதி வைக்கலாம். 2022 அக்டோபரில் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவை இது. தமிழகத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அரசின் 104 எண்ணும் உண்டு. பிள்ளைகள் ஆபத்தில் இருந்தால் 1098 உண்டு. பரீட்சை முடிவு வரும் நாளன்று மதிப்பெண் என்ன என்று கேட்பதற்கு முன் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்கலாம். வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், நம்பிக்கைக்குரிய ஒருவர் அமர்ந்திருக்க ஏற்பாடு செய்யலாம்.

அந்தக் கடைசி ஏற்பாட்டை நாம் செய்து பார்த்தோம். அலுவலக வாசலில் வந்து கேட்ட அந்தப் பிள்ளைக்கு ‘அந்த அக்கா’வை நம்மால் தேடித் தர முடியவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளரான ஓர் அம்மா, சனிக்கிழமை தோறும் மாலை நான்கு மணிக்கு அவளோடு உட்கார முன்வந்தார். அறிவுரை எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பதே அவர் செய்த பெரிய உதவி. சில வாரங்களில், இது பேச்சோடு தீராது என்பதை அவரே உணர்ந்து, தாயிடம் பேசி, இருவரையும் க.விலக்கு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மருந்து கிடைத்தது, தூக்கம் வந்தது. ஓராண்டு பின்தங்கினாலும் அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். இன்று தேனியில் வேலைக்குப் போகிறாள். இன்னமும் சில மாதங்களுக்கு ஒருமுறை மனம் சோர்ந்துபோகும். அப்போதெல்லாம் சனிக்கிழமை அந்த அம்மாவைத் தேடி வருகிறாள். அவர் அங்கே இருக்கிறார்.

இப்போது அந்தத் திண்ணைக்கு நான்கைந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஒருவரால் மட்டும் சமாளிக்க முடியவில்லை. இன்னும் இருவருக்கு முறையான பயிற்சியும், மருத்துவமனைக்குப் போகும் பஸ் செலவும், கூலி இழக்கும் தாய்க்குச் சிறு ஈடும் தேவை. அந்த இடத்தில்தான் கம்பெனியின் பணத்துக்கு நல்ல வேலை இருக்கிறது. அதைக் கொடுக்க முன்வருவோர்க்கு நம் கதவு திறந்தே இருக்கிறது. வருகிறவர்கள் பேனரை மட்டும் கீழே வைத்துவிட்டு வரட்டும். ‘மறுபடி வருவேன்’ என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதற்கு முன், யார் வருவார், எந்தக் கிழமை வருவார் என்பதை முடிவு செய்துவிட்டுச் சொல்லட்டும்.

சிந்திப்போம். முதலில் நம் தெருவிலிருந்து தொடங்குவோம்.